ஓட்ஸ் டப்பாவுக்குள்ளே ஒரு தட்டு!

எட்டு டாலர் கொடுத்து நான் ஒரு கண்ணாடித் தட்டு வாங்கிய கதையை ஆரம்பித்தாலே என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து முறைப்பாள். முறைக்கட்டும். சொல்லத்தான் போகிறேன்.

2019ல் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரத்தில், அக்கா வீட்டில் ஒரு மாசம் டேரா போட்டிருந்தேன். சனிக்கிழமை வந்தால் அங்கே தெருவுக்குத் தெரு 'கராஜ் சேல்'. வீட்டில் வேண்டாத சாமான்களை வாசலில் பரப்பி வைத்து விற்பார்கள். ஓட்டை டோஸ்டருக்கும் பழைய குடைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது அந்தத் தட்டு. தேன் நிறம். மேலே வலை பின்னிய மாதிரி நுணுக்கமான பூ வேலை.

"டிப்ரஷன் கிளாஸ்!" என்றார் விற்ற மனிதர், ரகசியம் சொல்கிற குரலில்.

மனச்சோர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை சார். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை குப்புற விழுந்ததே, அதன் பின்னால் வந்த பெருமந்தம். பி.காமில் இதை நாலு பக்கம் உருப்போட்டு எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். 1933ல் உழைக்கும் அமெரிக்கர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு வேலை கிடையாது. அப்படிப்பட்ட காலத்தில் கலர் கலராய்த் தட்டும் கோப்பையும் லட்சக்கணக்கில் வெளியே வந்தன என்பது மட்டும் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

காரணம் மெஷின். உருகிய கண்ணாடியை அச்சில் கொட்டி அழுத்தினால் தட்டு ரெடி. பூ வேலையை அச்சிலேயே செதுக்கி விட்டதால் ஆள் கூலி மிச்சம். கண்ணாடியில் குமிழி இருந்தாலும் அந்தப் பூ வேலை மறைத்துவிடும். நம்மூரில் கிழிசலை மறைக்க மேலே எம்பிராய்டரி போடுவது போல! ரோஸ், பச்சை, தேன் நிறம், நீலம் என்று வூல்வொர்த் மாதிரி சில்லறைக் காசுக் கடைகளில் விற்றார்கள். க்வாக்கர் ஓட்ஸ் டப்பாவுக்குள் போட்டு இலவசமாகவும் கொடுத்தார்கள். சினிமாத் தியேட்டர்காரர்கள் இன்னும் கில்லாடிகள். கூட்டம் வராத வார நாளில் டிக்கெட்டோடு ஒரு தட்டு. செட் முடிய வேண்டுமானால் வாராவாரம் வந்துதானே ஆக வேண்டும்!

இன்றைக்கு இதைச் சேர்ப்பதற்கென்றே அங்கே சங்கம், கண்காட்சி எல்லாம் உண்டு. சிக்கல் என்னவென்றால் பெரும்பாலான சாமான்களில் கம்பெனி முத்திரையே கிடையாது. பூ வேலையைப் பார்த்துத்தான் ஜாதகம் கணிக்க வேண்டும். 1970ல் ஹேஸல் மேரி வெதர்மன் என்ற பெண்மணி இதற்கென்று ஒரு புத்தகமே போட்டார். செர்ரி பிளாஸமா, ஜெனெட் கம்பெனி. ராயல் லேஸா, ஹேஸல் அட்லஸ்.

சிலர் புற ஊதா விளக்கோடு அலைகிறார்கள். பச்சைக் கண்ணாடி பலவற்றில் துளி யுரேனியம் கலந்திருப்பதால் இருட்டில் பளீரென்று ஒளிரும். (பயப்படாதீர்கள், அலமாரியில் வைத்துப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது.) ஆனால் யுரேனியம் கலந்த கண்ணாடி பிற்காலத்திலும் வந்திருக்கிறது. மின்னுவதை வைத்து மட்டும் வயசு சொல்ல முடியாது. விரிசல் மாதிரி ஒரு கோடு தெரியும். நகத்தால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. அது வார்க்கும்போதே விழுந்த கோடு, பயம் வேண்டாம். பால் படிந்த மாதிரி மங்கிப் போயிருந்தால் வாங்காதீர்கள். பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டுக் கெடுத்த கேஸ் அது. எத்தனை தேய்த்தாலும் தெளியாது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது தட்டை வாங்கிய பிறகு. சொல்லிக் கொடுத்தவர் அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டு அமெரிக்கப் பாட்டி. எழுபது தாண்டியவர். நான் காட்டியதும், "மேட்ரிட்!" என்று கத்தியே விட்டார். அதே கொலம்பஸில் ஃபெடரல் கம்பெனி 1932லிருந்து 1939 வரை போட்ட டிசைன். அவரிடம் அதே தட்டு அஞ்சு இருந்தது. அவருடைய அம்மா தியேட்டரில் வாங்கியது. ஆறாவது வாரம் வீட்டில் டிக்கெட்டுக்குக் காசில்லை. அப்பாவுக்கு வேலை போய்விட்டது. அந்த ஆறாவது தட்டைத்தான் பாட்டி இத்தனை வருஷமாய்த் தேடிக் கொண்டிருந்தார். கடைகளில் கிடைக்கும்தான். ஆனால் தானாகக் கைக்கு வர வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

நான் கர்ணனாகி விட்டேன். "உங்களுக்கே வைத்துக் கொள்ளுங்கள்" என்று நீட்டினேன். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது.

பூ வேலைக்கு நடுவே ஓர் எண்! 1976ல் அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டுக்காக அதே ஃபெடரல் கம்பெனி அதே டிசைனை மறுபடி போட்டதாம். ஏமாற்றும் எண்ணமில்லை, யோக்கியமாக வருஷத்தையும் பொறித்து விட்டார்கள். பின்னால் அச்சுகளை வாங்கிய இண்டியானா கம்பெனி அந்த எண்ணையும் எடுத்துவிட்டு வேறு நிறங்களில் எல்லாம் போட்டதால் சேகரிப்பவர்களுக்குத் தலைவலி அதிகமானது தனிக்கதை.

"எவ்வளவு கொடுத்தாய்?"

"எட்டு டாலர்."

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய அஞ்சு தட்டையும் ஒவ்வொன்றாய்த் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். என் தட்டை மட்டும் மேஜை மேலேயே விட்டு, அதில் ஒரு துண்டு ஆப்பிள் பை வைத்து, கூடவே ஒரு கத்தியையும் என்னிடம் நீட்டினார்.

"இதில் தாராளமாக வெட்டிச் சாப்பிடலாம்" என்றார்.