உங்களுக்குத் தெரியுமா? பிடித்ததே படமானது!

பள்ளியில் அனிமேஷன் பிராஜெக்ட் கொடுத்தால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆப்பில் செய்வது?" பெற்றோர் கேட்பது, "இதற்கு எவ்வளவு மார்க்?" இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பள்ளிவிட்டு வந்து பையைக் கீழே போட்டதும் நீங்கள் ஓடிப்போய் எடுப்பது எதை? பட்டமா, மட்டையா, மிருதங்கமா, தீப்பெட்டிப் படமா? உலகின் அருமையான அனிமேஷன் படங்கள் பல அங்கிருந்துதான் கிளம்பியிருக்கின்றன. படித்துப் பாருங்கள்.

★ வண்டு பிடித்தவர்

விளாடிஸ்லாவ் ஸ்டாரெவிச் சிறுவயதிலிருந்தே பூச்சிப் பைத்தியம். லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். 1910 வாக்கில், கொம்பு வண்டுகள் சண்டையிடுவதைப் படம்பிடிக்க ஆசைப்பட்டார். அவை இரவில் நடமாடும் வண்டுகள். விளக்கைப் போட்டதுமே அசையாமல் நின்றுவிட்டன. இறந்த வண்டுகளை எடுத்தார், கால்களை மெழுகால் ஒட்டினார், கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்தார். 1912-ல் வந்த 'தி கேமராமேன்ஸ் ரிவெஞ்ச்' படத்தில் வண்டுகள் ஓட்டலுக்குப் போகின்றன, காதலிக்கின்றன, சண்டை போடுகின்றன. பார்த்தவர்களில் பலர் அவை பழக்கப்படுத்திய உயிருள்ள பூச்சிகள் என்றே நம்பினார்கள். பொம்மைகளை வைத்துச் செய்யும் ஸ்டாப் மோஷன் கலையின் முன்னோடிகளில் ஒருவர் இந்தப் பூச்சிப் பிரியர்.

★ பட்டாணியால் கிடைத்த பணம்

இந்திய சினிமாவின் தந்தை தாதாசாகேப் பால்கே படமெடுக்கப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. யாரும் நம்பவில்லை. ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். கேமராவை ஒரே இடத்தில் வைத்து, அது முளைத்து வளர்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள்தோறும் படம்பிடித்தார். திரையில் விதை நிமிடக் கணக்கில் செடியானதைப் பார்த்த பிறகுதான் பணம் போட ஆள் வந்தார். 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியானது. வீட்டில் செடி வளர்க்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பிராஜெக்ட் எனக்குத் தோன்றவில்லை. பச்சைப்பயறு என்றால் இன்னும் சீக்கிரம் முளைக்கும்.

★ கத்தரிக்கோல் பெண்

பெர்லினில் பிறந்த லோட்டே ரைனிகருக்குப் பள்ளி நாட்களில் பிடித்த வேலை, கறுப்புக் காகிதத்தை வெட்டி உருவங்கள் செய்வது. வீட்டிலேயே நிழல் நாடகம் போடுவார். பிற்காலத்தில் அதே கறுப்பு அட்டை உருவங்களுக்குக் கம்பியால் மூட்டு வைத்து, கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில் நகர்த்தி நகர்த்தி, மூன்று ஆண்டு உழைப்பில் 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' படத்தை 1926-ல் முடித்தார். இன்று நம் கையில் இருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுதான். டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' வர அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் ஆயின.

நம் தோல்பாவைக் கூத்திலும் திரைக்குப் பின்னால் விளக்கு, விளக்குக்கும் திரைக்கும் நடுவில் பாவை என்று அதே வெளிச்ச உத்திதான். நம் பாவைகளில் வண்ணமும் சேர்ந்து ஒளிரும். கன்னியாகுமரிப் பக்கம் இருப்பவர்கள் ஒரு கூத்தையாவது நேரில் பார்த்துவிட்டுப் பிராஜெக்டைத் தொடங்குங்கள். கை எப்படி மடங்க வேண்டும், தலை எப்போது திரும்ப வேண்டும் என்பதை அந்தக் கலைஞர்களைவிட நன்றாகச் சொல்லித்தர எந்த ஆப்பாலும் முடியாது.

★ ஒரு நிமிடத்துக்கு எத்தனை படம்?

சினிமா ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 1,440. பயப்பட வேண்டாம். கையால் வரையும் அனிமேஷனில் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது வழக்கம். விநாடிக்கு 12 படம் போதும், கண்ணுக்கு உறுத்தாது. அரை நிமிட பிராஜெக்டுக்கு 360 படங்கள். இரண்டு சனி, ஞாயிறுகளில் நாலு நண்பர்கள் சேர்ந்தால் முடிகிற கணக்கு.

★ தாளம் தெரிந்தவருக்கு ஒரு சலுகை

நிமிடத்துக்கு 120 அடி விழும் தாளம் என்றால், விநாடிக்கு இரண்டு அடி. விநாடிக்கு 12 படம் எடுக்கிறீர்கள் என்றால், ஒவ்வோர் அடிக்கும் சரியாக 6 படம். ஏழாவது படத்தில் பொம்மையின் கால் தரையைத் தொட்டால் மிருதங்கத்தோடு அது சேர்ந்து விழும். மிருதங்கமோ தபலாவோ வாசிக்கிற பிள்ளை இந்தக் கணக்கை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். முதலில் இசையைப் பதிவு செய்துவிட்டு, அதற்குப் படம் எடுங்கள். பெரிய ஸ்டுடியோக்களிலும் பாட்டையும் வசனத்தையும் பதிவு செய்த பிறகுதான் உருவங்களை அசைக்கிறார்கள்.

★ ஆடத் தெரியுமா?

அமெரிக்காவின் மேக்ஸ் ஃபிளைஷர், நிஜ மனிதர் ஆடுவதைப் படம்பிடித்து, ஒவ்வொரு ஃபிரேமையும் கண்ணாடியில் விழவைத்து அதன்மேல் வரையும் கருவியைக் கண்டுபிடித்து 1917-ல் காப்புரிமை பெற்றார். ரோட்டோஸ்கோப் என்று பெயர். கோமாளி உடை போட்டு ஆடிக்காட்டியவர் அவருடைய தம்பி டேவ். இன்று இதற்குத் தேவை ஒரு செல்பேசியும், பழைய டேப்லெட்டோ டிரேஸிங் தாளோ மட்டுமே. பரதம், சிலம்பம், கரகம் எது தெரிந்தாலும் உங்களையே படம்பிடித்து மேலே வரையுங்கள். அந்தப் படத்தில் வரும் அசைவு வேறு யாரிடமும் இருக்காது.

★ அம்மாவின் கேமரா

இது எனக்கு மிகவும் பிடித்த கதை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் ஒரு பையன், கார்ட்டூன் வரைவதில் ஆசை. தாயாரின் வீட்டு மூவி கேமராவில் ஒவ்வொரு ஃபிரேமாக எடுக்க வசதி இருந்ததைக் கண்டுபிடித்து, 13 வயதில் படமெடுக்க ஆரம்பித்தான். பதின்பருவத்திலேயே அவனுடைய குட்டிப்படம் பி.பி.சி.யில் ஒளிபரப்பானது. பெயர் நிக் பார்க்.

பிறகு திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். 1982-ல் பட்டப்படிப்புக்கான பிராஜெக்டாக ஒரு களிமண் படத்தைத் தொடங்கினார்: பாலாடைக்கட்டி மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவர், தன் நாயோடு ராக்கெட் கட்டி நிலவுக்குப் போகிறார். ஒரே ஆள், களிமண், பொறுமை. படிப்புக் காலம் முடிந்தது, படம் முடியவில்லை. ஆர்ட்மேன் என்ற அனிமேஷன் நிறுவனம் வேலையும் கொடுத்து, படத்தை முடிக்க இடமும் கொடுத்தது. 1989-ல்தான் 'எ கிராண்ட் டே அவுட்' முடிந்தது. வாலஸ், குரோமிட் என்ற இருவரையும் உலகம் அறிந்தது அந்த மாணவர் பிராஜெக்டில்தான். ஆஸ்கருக்குப் போட்டியிட்டபோது அது தோற்றது. வென்றது 'கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்'. அதை எடுத்தவரும் இதே நிக் பார்க்தான்!

அந்த ஆர்ட்மேன் நிறுவனத்தைத் தொடங்கிய பீட்டர் லார்டும் டேவிட் ஸ்ப்ராக்ஸ்டனும் பள்ளித் தோழர்கள். வீட்டுச் சமையலறை மேசைதான் அவர்களுடைய முதல் ஸ்டுடியோ.

குரோமிட்டுக்கு வாயே கிடையாது. புருவத்தை ஏற்றி இறக்கியே அத்தனையும் சொல்லிவிடும். களிமண் பொம்மை செய்பவர்கள் இதைக் கவனியுங்கள். உதட்டசைவு ஒத்துவரவில்லை என்று அழாதீர்கள். புருவமும் கண்ணும் போதும்.

★ வரைய வராதவரின் கை

எட்வின் கேட்மல்லுக்கு அனிமேட்டர் ஆகத்தான் ஆசை. அந்த அளவுக்கு வரைய வராது என்று முடிவு செய்து இயற்பியலும் கணினி அறிவியலும் படித்தார். 1972-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் வகுப்புப் பிராஜெக்டாக, தன் இடது கையைப் பிளாஸ்டர் அச்சில் எடுத்து, அதன்மேல் சிறுசிறு முக்கோணங்களும் பலகோணங்களும் வரைந்து, அளவெடுத்துக் கணினியில் ஏற்றினார். உடன் படித்த ஃபிரெட் பார்க்கும் சேர்ந்து உழைத்தார். திரையில் கை திரும்பியது, விரல் மடங்கியது. அந்த மாணவர் பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1995-ல் அந்த நிறுவனத்தின் 'டாய் ஸ்டோரி' வந்தது. முழுக்கக் கணினியில் செய்த முதல் முழுநீளப் படம் அது. அந்த வகுப்புப் பிராஜெக்ட் இப்போது அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இருக்கிறது.

★ கோலமாவு போதும்

ஹார்வர்டில் அனிமேஷன் வகுப்பில் சேர்ந்த கரோலின் லீஃப், காகிதத்தில் வரைவதற்குப் பதிலாகக் கடற்கரை மணலை எடுத்தார். கீழிருந்து வெளிச்சம் விழும் கண்ணாடியில் மணலைக் கொட்டி, விரலால் ஒதுக்கி ஒதுக்கி ஓநாய்க் கதை ஒன்றைப் படமாக்கினார். அடுத்த படம் வேண்டுமானால் முந்தையதைக் கலைத்தாக வேண்டும். கடைசியில் கையில் ஒரு ஓவியம்கூட மிஞ்சாது. கோலம் போடும் பிள்ளைகளே, கறுப்புத் துணியில் கோலமாவு வைத்து, ஒரு புள்ளிக்கு ஒரு படம், ஒரு வளைவுக்கு நாலு படம் என்று எடுத்துப் பாருங்கள்.

★ பாசிமணி

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற இஷு படேல், கனடாவில் 1977-ல் எடுத்த 'பீட் கேம்' முழுக்கப் பாசிமணிகளால் ஆனது. மணிகள் சேர்ந்து மிருகமாகின்றன, ஒன்றையொன்று விழுங்குகின்றன, கடைசியில் போராகின்றன. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

★ தீப்பெட்டிப் படம் சேர்க்கிறீர்களா?

மும்பையைச் சேர்ந்த கீதாஞ்சலி ராவ் கையால் தீட்டி எடுத்த 'பிரிண்டட் ரெயின்போ', தனிமையில் வாழும் ஒரு பாட்டியையும் அவருடைய பூனையையும் பற்றியது. பாட்டி சேர்த்து வைத்திருக்கும் தீப்பெட்டி அட்டைகளைத் திறந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு வண்ண உலகம். 2006-ல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் பரிசுகளை அள்ளியது. தீப்பெட்டிக்குப் பெயர்போன சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி நம் ஊர்கள். அந்த அட்டைகளில் இருக்கும் கிளியும் சாவியும் ரயிலும் அசையக் காத்திருக்கின்றன. எடுத்துச் செய்ய ஒருவர் வேண்டும்.

★ நடிகர் நீங்களே

நார்மன் மெக்லாரன் கிளாஸ்கோவில் மாணவராக இருந்தபோது கேமரா இல்லாமல், பழைய பிலிமைச் சுரண்டிக் கழுவி அதன்மேலேயே வரைந்து படம் செய்தார். 1952-ல் அவர் எடுத்த 'நெய்பர்ஸ்' படத்தில் பொம்மையே இல்லை. மனிதர்களையே ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினார். ஒருவர் குதித்து மேலே இருக்கும்போது மட்டும் ஒரு படம், இப்படியே தொடர்ந்து எடுத்தால் அவர் தரையைத் தொடாமல் மிதந்து போவார். வகுப்பறை பிராஜெக்டுக்கு இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. விளையாட்டுப் பிள்ளைகள் மொத்தப் பேரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

★ வேலை முடிந்ததும் ரயில், பட்டம்

டிஸ்னியின் புகழ்பெற்ற அனிமேட்டர் வார்ட் கிம்பல், நிஜ நீராவி எஞ்சின் ஒன்றை 1938-ல் வாங்கி வீட்டுக் கொல்லையில் தண்டவாளம் போட்டு ஓட்டினார். ஸ்டுடியோ நண்பர்களோடு ஜாஸ் குழு வைத்து டிராம்போன் ஊதினார். வால்ட் டிஸ்னியும் தன் வீட்டைச் சுற்றிக் குட்டி ரயில் ஓட்டினார். 1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அங்கேயும் ரயில் ஓடியது.

'பாம்பி' படத்தின் பனிமூட்டக் காடுகளைக் கற்பனை செய்த டைரஸ் வாங், ஓய்வுபெற்ற பிறகு பூரான் வடிவத்திலும் பறவை வடிவத்திலும் கையால் பட்டங்கள் செய்து, கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரையில் பறக்கவிட்டார். 106 வயது வரை வாழ்ந்தார்.

★ தனி ஆளாகவும் முடியும்

ஜப்பானின் மகோட்டோ ஷின்காய் 2002-ல் 25 நிமிடப் படம் ஒன்றைப் பெரும்பாலும் தனியாகவே வீட்டுக் கணினியில் எடுத்தார். முதல் பதிப்பில் ஆண் குரலும் அவருடையதே. லாட்வியாவின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் 2019-ல் 'அவே' என்ற முழுநீளப் படத்தை ஒற்றை ஆளாக முடித்தார். அடுத்து, சிறு குழுவோடு அவர் எடுத்த, வசனமே இல்லாத பூனைக் கதை 'ஃப்ளோ' 2025-ல் ஆஸ்கர் வென்றது. அதைச் செய்த மென்பொருள் பிளெண்டர். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு பிளெண்டர் கடினம். அவர்களுக்கு ஸ்கிராட்ச் இருக்கிறது. 2007-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வெளியிட்டது, இதுவும் இலவசம். அதில் வரும் பூனைக்கு இரண்டு தோற்றங்கள். மாற்றி மாற்றிக் காட்டினால் நடக்கிறது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் ஸ்கிராட்ச் இடம்பெற்றிருக்கிறது.

★ படம் ஏன் மினுங்குகிறது?

ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்திருப்பீர்கள். ஒரு மணி நேரத்தில் வெயில் நகர்ந்துவிடும், மேகம் மறைக்கும். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு ஒரே மேசை விளக்கில் எடுங்கள். செல்பேசியைப் புத்தக அடுக்கில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அதன் தானியங்கி வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டி வையுங்கள். எடுப்பவர் வெள்ளைச் சட்டை போட வேண்டாம். அதில் பட்ட வெளிச்சம் பொம்மைமேல் விழுந்து ஒவ்வொரு படத்திலும் மாறும்.

★ அழிந்ததும், தப்பியதும்

உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் 1917-ல் அர்ஜென்டினாவில் குயிரினோ கிறிஸ்டியானி எடுத்த 'எல் அப்போஸ்தல்'. இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. தீ விபத்தில் போயிற்று. 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துகொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. மாற்றுப்பிரதியும் சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தபடி வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள், படம் பிழைத்தது.

ஆகவே பிள்ளைகளே, இன்றைக்கு எடுத்த படங்களை இன்றைக்கே பென் டிரைவில் ஒன்று, அப்பா அல்லது அம்மாவின் செல்பேசியில் ஒன்று என இரண்டு பிரதியாக ஏற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்.