கணினி முன் குனியும் கழுத்து: கடையிலேயே செய்யத்தக்க எளிய பயிற்சிகள்



ரங்கே கவுடர் வீதி மண்டிகளில் முன்பெல்லாம் கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுவார். முதலாளி சரக்குப் பார்க்க, எடை போட, குடோனுக்குப் போய்வர என்று எழுந்து நடந்துகொண்டே இருப்பார். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில், இருப்பு, ரிட்டர்ன் எல்லாம் பெரும்பாலும் கணினிக்கு வந்துவிட்டன. விலை விசாரிப்பதும், பணம் ஏறியதா என்று பார்ப்பதும் செல்போனில்தான். ஆகவே கடை திறந்தது முதல் சாத்தும் வரை தலை குனிந்தே இருக்கிறோம். கழுத்து வலியும் தோள் இறுக்கமும் வயதினால் மட்டும் வருவதாக எண்ண வேண்டாம்.

நிமிர்ந்து இருக்கும்போது தலையின் பாரம் சுமார் 5 கிலோ. குனியக் குனியக் கழுத்து தாங்கும் பாரம் கூடுகிறது. மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அமெரிக்க மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 டிகிரி குனிந்தால் சுமார் 18 கிலோ. 60 டிகிரி குனிந்தால் சுமார் 27 கிலோ. அதாவது 26 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைக் கழுத்தில் ஏற்றியதற்குச் சமம். சுமை தூக்குபவர் அதை இறக்கி வைத்துவிடுவார். நாம் இறக்குவதே இல்லை.

முதலில் இருக்கையைச் சரிசெய்வோம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். பழைய பேரேடுகள் இரண்டை அடியில் வைத்தாலே போதும். பாதம் தரையில் பதிய வேண்டும். செல்போனைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பார்க்க வேண்டும்.

பிறகு, கூட்டம் குறைந்த வேளையில் பின்வரும் பயிற்சிகளைச் செய்யலாம்:

1. நேராகப் பார்த்தபடி தாடையைப் பின்னோக்கி இழுத்து 5 விநாடி நிறுத்தவும். 10 முறை.

2. இரு தோள்பட்டை எலும்புகளையும் முதுகுப்புறம் நெருக்கி 5 விநாடி வைத்துத் தளர்த்தவும். 10 முறை.

3. வாசல் நிலையின் இருபுறமும் முன்கைகளை ஊன்றி, மார்பு விரிய ஓர் அடி முன்வைத்து 20 விநாடி நிற்கவும். 3 முறை.

4. எழுந்து நின்று இடுப்பில் கை வைத்து மெல்லப் பின்னால் வளையவும். 5 முறை. தலைச்சுற்றல் உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவும்.

5. 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள பொருளை 20 விநாடி பாருங்கள். கண்ணுக்கும் ஓய்வு, கழுத்துக்கும் ஓய்வு.

முறையாகக் கற்க விரும்புவோருக்கு வழி அருகிலேயே உண்டு. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த எளியமுறை உடற்பயிற்சி, ஆழியாறிலும் நம் ஊர்களின் மனவளக்கலை மன்றங்களிலும் கற்றுத்தரப்படுகிறது. அதில் வரும் மகராசனம், படுத்த நிலையில் முதுகெலும்பைத் திருப்பித் தளர்த்தும் பயிற்சியாகும்.

ஓர் எச்சரிக்கை. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வியாபாரத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தொடர்ந்து சாப்பிட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடக்கூடும். கை மரத்துப்போதல், பிடி தளர்தல், வலி கைவரை இறங்குதல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வலியோடு மார்பு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் அது இதயக் கோளாறாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறோம், தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். நம் உடலுக்கும் கடைப் பையன்களின் உடலுக்கும் தினம் 10 நிமிடம் ஒதுக்குவோம்.