ரசீது அசல், சரி, வாட்ச்?

வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கு ஜூலை 31 நெருங்குகிறது. பழைய ரோலக்ஸ், ஓமேகா வாங்கிய வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே குழப்பம்: ‘பில்லில் ஒரு சதவீதம் டிசிஎஸ் பிடித்திருக்கிறார்கள். அரசுக் கணக்கில் ஏறிவிட்டதே, அப்படியென்றால் வாட்ச் அசல்தானே?’

இல்லை. 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்சம் ரூபாய்க்கு மேல் விலைபோகும் கைக்கடிகாரத்துக்கு விற்பவர் ஒரு சதவீதம் வரி (டிசிஎஸ்) பிடித்து, வாங்குபவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். ‘இது கூடுதல் வரி அல்ல, கணக்கில் கழித்துக்கொள்ளலாம்’ என்பது வருமான வரித் துறையின் சமாதானம். உண்மைதான். கழிக்க வரியே இல்லாதவருக்கு மட்டும் ரீஃபண்டு வரும்வரை பணம் அங்கே தூங்கும். துறைக்கு வேண்டியது, இவ்வளவு விலைக்கு வாங்கியவர் யார் என்ற தகவல். வாட்ச்சின் பின்மூடியை அவர்கள் யாரும் திறந்து பார்ப்பதில்லை. 12 லட்சத்துக்குப் போலியைத் தலையில் கட்டினாலும், 12,000 ரூபாய் உங்கள் 26ஏஎஸ் படிவத்தில் அச்சுப் பிசகாமல் நிற்கும்.

டெல்லியில் தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரிக்கே உரிய இன்னொரு அத்தாட்சியும் கடிதங்களில் வருகிறது: ‘தூதரக அதிகாரி ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது.’ தூதரகத்தினர் சுங்க வரியின்றிப் பொருள் கொண்டுவர 1957-இல் வகுத்த விதிகள் உள்ளன. அந்த விதிகளின் கவலையெல்லாம் வரிச் சலுகை யாருக்கு என்பதுதான். பொருள் அசலா என்பது அவற்றின் வேலையே அல்ல. சலுகை இல்லாத ஒருவர் கைக்கு அது மாறும்போது சுங்க வரிக் கேள்வி எழும். ஆகவே இந்தக் கதை உண்மையாக இருந்தால்தான் உங்களுக்குத் தலைவலி அதிகம்.

இனி, என்னைத் தொந்தரவு செய்யும் விஷயத்துக்கு வருகிறேன். பழைய வாட்ச் சந்தையில் அச்சம் தருவது முழுப் போலி அல்ல. கேஸ் ஒரு வாட்ச்சிலிருந்து, மூவ்மென்ட் இன்னொன்றிலிருந்து, முட்கள் வேறெங்கிருந்தோ. அத்தனையும் அசல், சேர்த்து வைத்தால் அப்படியொரு வாட்ச் எந்தக் காலத்திலும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்ததே இல்லை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் நடத்திய ஏலத்தில் ஒரு பழைய ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. எடுத்தது ஓமேகாவின் சொந்த அருங்காட்சியகம்! 2023-இல் அது ஒட்டுவேலை என்று தெரியவந்தது. முன்னாள் ஊழியர் மூவருக்குத் தொடர்பு இருந்ததாக நிறுவனமே சொன்னது. தயாரித்தவர்களையே ஏமாற்ற முடிந்தபோது, பெட்டியும் சான்றிதழும் எம்மாத்திரம்?

டயலைப் பாருங்கள். 1960-களிலிருந்து 1990-கள்வரை இரவில் ஒளிர டிரிட்டியம் பூசினார்கள். அதைக் காட்ட, டயலின் அடியில் ‘ஸ்விஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். டிரிட்டியம் 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1970-இல் பூசியதில் இன்று இருபதில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆகவே, அந்த எழுத்துள்ள வாட்ச் இருட்டறையில் பளிச்சென்று வெகுநேரம் ஒளிர்ந்தால், யாரோ புதுப் பூச்சு பூசியிருக்கிறார்கள். விற்பவர் பெருமையாகக் காட்டும் பிரகாசமே அவரைக் காட்டிக்கொடுக்கும். இதைத் தெரிந்துகொண்ட கில்லாடிகள் ஒளிராத பழுப்புப் பூச்சு பூசத் தொடங்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. ஒளிராததால் மட்டும் அசல் என்று நம்பிவிட வேண்டாம்; டயல் பூச்சும் முள் பூச்சும் ஒரே நிறத்தில் மங்கியிருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கம்பெனி சர்வீஸுக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஆனால் டயலையும் முட்களையும் மாற்றக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்; புது டயல் போட்டால் பழைய மதிப்பு போச்சு.

ஜொலிக்கும் பழைய எச்எம்டி, ஃபேவர் லூபா? பெரும்பாலும் டயலுக்கு மறுபடி சாயம் அடித்தவை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’. சில ஆயிரம் ரூபாய்க்குக் கட்டிக்கொள்ளத் தடையில்லை; முதலீடு என்று மட்டும் நினைக்காதீர்கள்.

வெளிநாட்டில் வாங்கி, கையில் கட்டிக்கொண்டே வந்தால்? 2022 அக்டோபரில் டெல்லி விமான நிலையத்தில் ஒரு பயணியிடம் 7 வாட்ச்கள் பிடிபட்டன. ஒன்றின் மதிப்பு மட்டுமே 27 கோடி என்றது சுங்கத் துறை.

கூரியரில் வரவழைக்கலாமா? பயன்படுத்திய பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு, அனுமதி வேண்டும்.

ஸ்விட்சர்லாந்துடனான வர்த்தக ஒப்பந்தத்தால் விலை குறையுமா? 2025 அக்டோபர் 1 முதல் படிப்படியாகக் குறைவது அங்கிருந்து வரும் புது வாட்ச்களின் இறக்குமதி வரி.

ஏமாந்துவிட்டால்? மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள பில் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். போலி வணிகச் சின்னத்துக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். ‘ஒரு வாட்ச்’ என்று மட்டும் எழுதிய பில் எதற்கும் உதவாது.