மலையும் வழியும் – 7: தண்ணீர் இழுத்த வண்டி

படிக்கட்டுக் கணக்கு சென்ற வாரமே முடிந்தது. இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் சேர்ந்தால் 60 முதல் 64 செ.மீ. வரை இருக்க வேண்டும் என்பதை மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் மலைவீட்டுக்கு மோட்டார் வைத்த சாய்வு லிஃப்ட் வாங்குவது பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு வந்துவிடுவேன். நடுவில் ஓர் ஓட்டல் குறுக்கிடுகிறது.

முதலில் சாய்தளம். கோத்தகிரியில் என் சித்தி வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. ரோட்டுக்கும் வாசலுக்கும் 9 மீட்டர் உயர வித்தியாசம். சித்தப்பாவுக்கு முட்டி தேய்ந்த பிறகு சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு சாய்தளம் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்தது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது அதற்கான சரிவு. 9 மீட்டர் இறங்க 108 மீட்டர் நீளம் வேண்டும். நடுநடுவே நின்று மூச்சு வாங்கச் சமதளங்கள் வேறு. அவ்வளவு நீளத்தை மடக்கி மடக்கிப் போட்டால் தோட்டம் முழுக்க கான்கிரீட்தான் இருக்கும். மழை வந்தால் அந்தக் கான்கிரீட் தண்ணீரை எங்கே தள்ளும் என்பது தனிக் கவலை. சாய்தளப் பேச்சு அத்தோடு நின்றது.

அந்த வீட்டுப் படியில் கேஸ் சிலிண்டர் வருவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எரிவாயு 14.2 கிலோ, இரும்பும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. தம்பி ஒருவர் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி இறங்குவார். காலி சிலிண்டரை எடுத்துக்கொண்டு ஏறும்போது பாதிச் சுமைதான். அரிசி மூட்டை, சிமெண்ட், கட்டில், பீரோ எல்லாமே அந்த வீட்டுக்குக் கனமாக இறங்குகின்றன. ஏறுவது பெரும்பாலும் ஆட்களும் காலிப் பாத்திரங்களும்தான். இறங்குகிற நிறை சிலிண்டரைக் கொண்டே காலி சிலிண்டரை மேலே இழுக்க முடியுமே என்று தோன்றியதிலிருந்து இந்தத் தொடர் வேறு பக்கம் திரும்பிவிட்டது. வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் எது ஏறுகிறது, எது இறங்குகிறது, அந்த மலை இனாமாக என்ன தருகிறது என்று பார்க்க வேண்டும். விலைப்பட்டியலை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டலுக்கு வருகிறேன். ஸ்விட்சர்லாந்தில் பிரியென்ஸ் ஏரிக்கரைக்கு மேலே, கீஸ்பாக் அருவியின் எதிரில், 1870களில் ஹவுசர் குடும்பம் ஒரு பெரிய ஓட்டல் கட்டியது. விருந்தினர்கள் படகில் வந்து ஏரிக்கரையில் இறங்குவார்கள். ஓட்டலோ செங்குத்தான காட்டுக்கு மேலே. பெட்டி படுக்கையோடு ஏறிவர எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? நீராவி எஞ்சின் வைக்கலாம்தான். ஆனால் நிலக்கரி வாங்கி, அதையும் மேலே சுமக்க வேண்டும். அந்த இடத்தில் அள்ள அள்ளக் குறையாமல் இருந்தது அருவித் தண்ணீர். 1879ல் அந்தத் தண்ணீரையே வேலைக்கு வைத்தார்கள்.

முறை எளிது. கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டியதுபோல, ஒரு கம்பிவடத்தின் இரு முனையிலும் இரண்டு பெட்டிகள். மேலே ஒரு பெரிய கப்பி. ஒரு பெட்டி மேலே இருந்தால் மற்றது கீழே. மேல் பெட்டியின் அடியில் உள்ள தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் அது கனத்து இறங்கும். கீழ்ப் பெட்டி ஏறும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவார்கள். கீழ்ப் பெட்டியில் பத்துப் பேர், ஆளுக்கு 60 கிலோ என்றால் 600 கிலோ. மேல் பெட்டி ஆளில்லாமல் இருந்தால் சமன் செய்யவே 600 லிட்டர் ஆகிவிடும். உராய்வையும் கம்பிவடத்தின் எடையையும் வெல்ல அதற்கு மேலும் வேண்டும். மேலிருந்து இறங்க ஆள் இருந்தால் அந்த அளவுக்குத் தண்ணீர் மிச்சம்.

கம்பிவடத்தின் எடையை லேசாக எண்ணக்கூடாது. கிளம்பும்போது அது முழுக்கக் கீழ்ப் பெட்டியின் பக்கம் தொங்கி, ஏறுவதைத் தடுக்கிறது. முடிவில் முழுக்க இறங்கும் பெட்டியின் பக்கம் வந்து அதை விரட்டுகிறது. ஆகவே பிரேக் இல்லாமல் இது வாகனமே ஆகாது. கீஸ்பாக்கில் தண்டவாளத்தின் நடுவே பற்கள் வைத்த ஒரு பாதையைப் பதித்து, பெட்டியின் பற்சக்கரம் அதைக் கவ்வி வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி செய்தார் நிக்லாஸ் ரிக்கன்பாக். 1871ல் ரிகி மலைக்குப் பல்லிருப்புப் பாதையில் ரயில் ஏற்றியவர் அவர்.

அவரிடம் வேலை பார்த்த இளைஞர் கார்ல் ரோமன் ஆப்ட். இந்த வாரம் என்னை வேறு எதையும் யோசிக்க விடாதவர் அவர்தான். இரண்டு பெட்டிகளும் நடு வழியில் ஒன்றையொன்று தாண்ட வேண்டும். அதற்காக நீளம் முழுக்க இரண்டு பாதை போட்டால் இருமடங்கு பாறை வெட்ட வேண்டும். ஆப்ட் ஒற்றைப் பாதை போட்டு, நடுவில் மட்டும் அதைக் கொஞ்ச தூரம் இரண்டாகப் பிரித்தார். சாதாரண ரயிலில் இப்படிப் பிரியும் இடத்தில் நகரும் தண்டவாளமும் அதைத் திருப்ப ஓர் ஆளும் வேண்டும். இங்கே எதுவும் நகர்வதில்லை. யாரும் திருப்புவதில்லை.

கீஸ்பாக்கில் முதன்முதலில் செய்துகாட்டிய அந்த யோசனை பிறகு செப்பமாகி இன்று உலகெங்கும் இருக்கும் வடிவம் இது: ஒவ்வொரு பெட்டிக்கும் வெளிப்பக்கச் சக்கரங்களில் இருபுறமும் விளிம்பு உண்டு, அவை வெளித் தண்டவாளத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். உள்பக்கச் சக்கரங்களுக்கு விளிம்பே கிடையாது. அவை அகலமான உருளைகள். ஒரு பெட்டிக்கு இடது பக்கம் வெளிப்பக்கம் என்றால் மற்றதற்கு வலது பக்கம். ஆகவே ஒன்று எப்போதும் இடது வளைவில்தான் போகும், மற்றது எப்போதும் வலது வளைவில்தான். உள் தண்டவாளத்தில் கம்பிவடம் கடக்க ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். விளிம்பில்லாத அகலச் சக்கரம் அந்த இடைவெளியின் மேல் உருண்டு போய்விடும். மனிதக் கை தவறவே வழியில்லாதபடி புத்தியைச் சக்கரத்துக்குள் வைத்துவிட்ட இந்த அமைப்பைவிட அழகான பொறியியலை நான் பார்த்ததில்லை.

இந்த இருவருக்கும் நம் நீலகிரியோடு உறவு உண்டு. 1882ல் அரசின் அழைப்பில் ரிக்கன்பாக் நீலகிரிக்கு வந்து, ரயில் பாதைக்கு 1,32,000 பவுண்டு மதிப்பீடு கொடுத்தார். அது அப்படியே நிறைவேறவில்லை. 1899ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறியபோது அதில் இருந்தது ஆப்டின் பல்லமைப்பு. கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பாருங்கள்: கிரீஸ் அப்பிய இரண்டு பற்சட்டங்கள் அருகருகே இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம். சக்கரத்தின் பல் ஒரு சட்டத்தை விடும்போது இன்னொன்று அடுத்த சட்டத்தைக் கவ்வியிருக்கும். 12.5 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் பிடி ஒரு நொடியும் விடுவதில்லை.

ரிக்கன்பாக் உதகைப் பக்கம் வந்த அதே 1882ல், போர்ச்சுகலின் பிராகா நகரத்தருகே போம் ஜீசஸ் குன்றில் அவர் யோசனைப்படி கட்டிய தண்ணீர் வண்டி ஓடத் தொடங்கியது. பக்தர்கள் ஏறும் நீண்ட படிவரிசைக்குப் பக்கத்திலேயே அது இன்றும் தண்ணீரில்தான் ஓடுகிறது. பழனியில் படியும் விஞ்சும் பார்த்த நமக்கு அந்த இடம் புதிதாகவே தோன்றாது. (பழனி விஞ்ச் பற்றிக் கேட்டவர்களுக்கு: மோட்டார் பேச்சில் அது வரும்.) ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க்கில் 1899 முதல் மேல் ஊரின் கழிவுநீரே தொட்டியை நிரப்புகிறது. ஊர் எப்படியும் கீழே அனுப்ப வேண்டிய தண்ணீர். போகிற போக்கில் ஆளையும் ஏற்றிவிடுகிறது.

இங்கிலாந்தின் லின்மவுத்தில் நிலைமை சித்தி வீட்டுக்கு நேர் எதிர். சரக்கு கடல் வழியாகக் கீழே வந்து, நிலக்கரியும் உணவும் மேலே லின்டனுக்கு ஏற வேண்டும். 1890ல் 152 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வண்டி வந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் 700 காலன் தொட்டி. அதற்குப் பணம் போட்ட ஜார்ஜ் நியூன்ஸ், ‘டிட்பிட்ஸ்’ என்ற வார இதழ் நடத்திச் சம்பாதித்தவர். பின்னால் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வெளியிட்டவரும் அவர்தான். ஒரு வார இதழின் வருமானம் ஒரு மலையூரின் முதுகுச் சுமையை இறக்கியிருக்கிறது. வார இதழில் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

கீஸ்பாக்கில் தண்ணீர்த் தொட்டி நிலைக்கவில்லை. 1912ல் அருவியை டர்பைனுக்கு மாற்றினார்கள், 1948ல் மின்மோட்டார் வந்தது. இரண்டு பெட்டிகளும் ஒரே வடமும் நடுவில் தாண்டும் இடமும் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஓட்டலையே இடிக்கப் பார்த்த காலத்தில், 1983ல், ஃபிரான்ஸ் வெபர் என்ற இயற்கைக் காவலர் மக்களிடம் நிதி திரட்டி அதை மீட்டார்.

சித்தி வீட்டருகே அருவி இல்லை. ஆகவே மோட்டார்தான். ஆனால் வெறும் விஞ்சா, எதிர் எடையுடனா? எதிர் எடை இருந்தால் மோட்டார் சிறிதாகும், தடம் சிக்கலாகும். கரண்ட் போனால் பெட்டி எங்கே நிற்கும் என்பதும் அதை முடிவு செய்த பிறகுதான் தெரியும். அது அடுத்த வாரம். இடம் இருந்தால், மூணாறு டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலையை இறக்கிய கம்பிப்பாதையும் வரும். சரிவில் வீடு கட்டப்போகிறவர்கள் அதற்குள் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, ஒரு மாதத்தில் வீட்டுக்கு ஏறும் எடையை ஒன்றிலும் இறங்கும் எடையை மற்றதிலும் எழுதி வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் அடுத்த கணக்கைத் தொடங்க முடியாது.

(தொடரும்)