கணினி வாங்குமுன் கணக்கு வேண்டும்

லிட்டில் இந்தியாவில் நீண்ட காலமாக மளிகைக் கடை நடத்துபவர்களிடம் ஓர் அபாரமான ஆற்றல் உண்டு. எந்தக் குடும்பம் எந்த அரிசி வாங்கும், யார் மாதக் கடைசியில் கடன் சொல்வார், தீபாவளிக்கு எத்தனை மூட்டை உளுந்து தேவைப்படும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். புத்தகத்தைப் புரட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

ஆனால், அந்த முதலாளி இரண்டு வாரம் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் என்ன ஆகும்? கடை திறந்திருக்கும். கல்லாவில் ஆள் இருப்பார். கடையின் மூளை மட்டும் அங்கே இருக்காது. என்ன சரக்கு எடுப்பது, யாரிடம் எடுப்பது, யார் எவ்வளவு தர வேண்டும் என்று மகனுக்கோ மகளுக்கோ தெரியாது.

சிறு வணிகர்கள் மின்னிலக்கத் தொழில்நுட்பத்துக்கு மாறுவதைப் பற்றிப் பேசும்போது முதலில் சிந்திக்க வேண்டிய விஷயம் இதுதான். மாறுவது என்றால் இணையப் பக்கம் தொடங்குவது, விலை உயர்ந்த இயந்திரம் வாங்குவது என்று பலர் நினைக்கின்றனர். அவையெல்லாம் பிறகு. முதலாளியின் தலைக்குள் இருக்கும் கணக்கைக் கடைக்குச் சொந்தமான கணக்காக மாற்றுவதே முதல் வேலை.

2020 கற்றுத் தந்த பாடம்

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூரில் கொரோனா கிருமி முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்தது. உணவகங்களில் அமர்ந்து சாப்பிட முடியவில்லை. அத்தியாவசியம் அல்லாத கடைகள் கதவை மூடின. அந்த நிலையில் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்களைக் குறித்து வைத்திருந்தவர் ஒரு செய்தி அனுப்பி வியாபாரத்தைத் தொடரலாம். எண் இல்லாதவர், யாராவது வருவார்களா என்று காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் உணவங்காடிக் கடைக்காரர்களை மின்னிலக்கக் கட்டணத்துக்கு மாற உதவும் திட்டத்தையும் அரசாங்கம் தொடங்கியது.

எங்கே தொடங்குவது?

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. தொடக்கம் அங்கேதான். என்ன வந்தது, என்ன விற்றது, என்ன மிஞ்சியது ஆகிய மூன்றையும் நாள்தோறும் பதிவு செய்ய வேண்டும். கைத்தொலைபேசியில் ஓர் அட்டவணை போதும்.

உதாரணத்துக்கு, ஒரு கடையில் தீபாவளிக்கு 40 பெட்டி முறுக்கு மாவு வாங்கி, 12 பெட்டி மீந்துபோனது என்று வைத்துக்கொள்ளலாம். அதை எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு 30 பெட்டியோடு நிறுத்தலாம். எழுதாவிட்டால் “போன வருடம் நன்றாகத்தானே போனது” என்ற நினைப்பில் மீண்டும் 40 பெட்டி வரும். தேங்கிய சரக்கு என்பது அலமாரியில் தூங்கும் பணம். வாடகை கட்ட வேண்டிய நாளில் அது எழுந்து வராது.

வணிகப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது வரி விதி. காகிதச் சீட்டுகள் மங்கிப்போகும். அன்றாடம் படம் எடுத்து ஒழுங்காகச் சேமித்தால் வரிக் கணக்கு நேரத்தில் தலைவலி குறையும்.

பணம் வந்ததா, பார்க்க வேண்டும்

பேநவ் சேவை 2017 ஜூலையில் தனிநபர்களுக்கும் 2018 ஆகஸ்டில் நிறுவனங்களுக்கும் வந்தது. 2018 செப்டம்பரில் எஸ்ஜிகியூஆர் அறிமுகமானது. பல கட்டண முறைகளை ஒரே ஒட்டுவில்லையில் அது சேர்த்தது. இதனால் சில்லறைத் தட்டுப்பாடும் இரவில் காசு எண்ணும் வேலையும் குறைகின்றன. வங்கிக்கு வங்கி கட்டணம் வேறுபடும் என்பதால் சேருமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

வசதியோடு ஆபத்தும் வருகிறது. “அனுப்பிவிட்டேன்” என்று வாடிக்கையாளர் காட்டும் திரை, போலியாகத் தயாரித்த படமாகவும் இருக்கலாம். கடையின் சொந்தக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். ஒட்டுவில்லையின் மேல் வேறு ஒட்டுவில்லை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று தினமும் காலையில் ஒரு பார்வை பார்க்க வேண்டும். மோசடியோ எனச் சந்தேகம் எழுந்தால் 1799 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

விநியோகத் தளம்: நண்பனா, பங்காளியா?

உணவு விநியோகத் தளங்களில் சேர்ந்தால் விற்பனை கூடும் என்பது உண்மை. லாபமும் கூடுமா என்பதுதான் கேள்வி.

10 வெள்ளி சாப்பாட்டில் பொருள் செலவு 4 வெள்ளி, வாடகைக்கும் சம்பளத்துக்கும் 4 வெள்ளி, மிச்சம் 2 வெள்ளி என்று கொள்ளலாம். தளம் 30 விழுக்காடு கழிவு எடுத்தால் அதுவே 3 வெள்ளி. ஒரு சாப்பாட்டுக்கு ஒரு வெள்ளி நட்டம்.

அப்படியானால் சேரவே கூடாதா? அப்படியும் சொல்வதற்கில்லை. பிற்பகலில் அடுப்பு சும்மா இருக்கும் வேளையில் வரும் புதிய ஆர்டருக்காக வாடகையும் சம்பளமும் கூடுவதில்லை. அப்போது கழிவும் பொருள் செலவும் போக 3 வெள்ளி கைக்கு வரும். ஆனால் தினமும் கடைக்கு வந்து சாப்பிட்டவரே தளம் வழியாக வாங்கத் தொடங்கினால், 6 வெள்ளி வந்த இடத்தில் 3 வெள்ளிதான் வரும். புதியவர்களைப் பிடிக்கத் தளம், பழையவர்களைக் காக்க நேரடித் தொடர்பு என்று பிரித்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

நேரடித் தொடர்புக்கு வாட்ஸ்அப் போன்ற எளிய சேவையே போதும். ஆனால் வாடிக்கையாளரின் சம்மதம் பெற்றே எண்ணைச் சேர்க்க வேண்டும். 2012ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு கடைகளுக்கும் பொருந்தும்.

மானியத்தில் ஒரு கவனம்

2018ல் அறிமுகமான உற்பத்தித்திறன் தீர்வு மானியத்தின்கீழ், தகுதி பெறும் நிறுவனங்கள் அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள், சாதனச் செலவில் 50 விழுக்காடு வரை ஆதரவு பெறலாம். முதலில் விண்ணப்பம், பிறகே பணம் என்ற வரிசை மாறக்கூடாது. விற்பனையாளருக்கு முன்கூட்டியே பணம் கொடுத்துவிட்டு, பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையில்லாததை வாங்கினால் மீதிப் பாதியும் வீண்தான். எந்தச் சிரமம் தீர வேண்டும் என்று முதலில் எழுதிப் பார்த்துவிட்டு, அதற்குரிய கருவியைத் தேடுவதே முறை.

வயது ஒரு தடையல்ல. சரக்கின் தரத்தை முகர்ந்தே சொல்லக்கூடிய பெரியவருக்கு ஓர் அட்டவணையைக் கற்பது பெரிய காரியமில்லை. அவர் சொல்ல, பிள்ளைகளோ ஊழியரோ தினம் கால் மணி நேரம் பதிவு செய்யலாம். ஓராண்டில் கடைக்கு ஒரு நினைவாற்றல் பிறந்துவிடும்.

பிள்ளைகள் தொழிலுக்கு வருவதில்லை என்று பல வணிகர்கள் வருந்துகின்றனர். கணக்குத் தெளிவாக இருக்கும் கடையை ஏற்று நடத்த வாரிசுக்குத் துணிவு வரும். விற்க நேர்ந்தாலும் வாங்குபவர் நம்பி விலை பேசுவார். எல்லாம் ஒருவர் தலைக்குள்ளேயே இருந்தால், அவர் ஓய்வு பெறும் நாளில் கடையும் ஓய்வு பெற்றுவிடும்.