தொப்பியும் கோட்டும் மட்டும் போதாது

ஒரு ரசாயனத் தொழிற்சாலை. அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் வில்லனும் கறுப்பு முகமூடி போட்ட ஒருவனும் மல்லுக்கட்டுகிறார்கள். முகமூடிக்காரன் விட்ட ஒரே குத்தில் கைப்பிடிக் கம்பி உடைந்து, வில்லன் அமிலத்துக்குள் விழுகிறான். காப்பாற்ற யாரும் கை நீட்டவில்லை. இவனுக்கு இதுதான் தகும் என்கிற தோரணையில் நிற்கிறான் முகமூடிக்காரன்.

1939 மே மாத இதழாக வெளிவந்த 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ல் பேட்மேன் முதன்முதலாகத் தோன்றிய 6 பக்கக் கதையின் உச்சக்கட்டம் இது. எந்த நிலையிலும் உயிரை எடுக்க மாட்டேன் என்று உறுதிபூண்ட பேட்மேனை மட்டுமே அறிந்தவர்களுக்கு இந்த ஆள் அந்நியனாகத் தெரிவான். அடுத்த சில மாதங்களில் இவன் சவப்பெட்டிக்குள் உறங்கும் ரத்தக்காட்டேரிகளை வெள்ளித் தோட்டாவால் சுட்டுக் கொல்கிறான். 1940-ல் தன் விமானத்திலிருந்து ஒரு லாரியை இயந்திரத் துப்பாக்கியால் சல்லடையாக்குகிறான். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தலையிட்டு, இனி பேட்மேன் கையில் துப்பாக்கியும் கூடாது, கொலையும் கூடாது என்று சட்டம் போட்டார். இன்று நாம் பேட்மேனின் ஆன்மா என்று கொண்டாடும் அந்த விரதம், ஒரு பத்திரிகை அலுவலகத்தில் எடுத்த முடிவு.

இதை இப்போது நினைவூட்டக் காரணம் இருக்கிறது. பிரபலமான சூப்பர்ஹீரோக்களை 1930-களுக்குக் கொண்டுபோய், சக்திகளைக் குறைத்து, பழைய பாணி சாகச நாயகர்களாக மாற்றி எழுதும் முயற்சிகள் அமெரிக்க காமிக்ஸில் தொடர்ந்து நடக்கின்றன. 2008 இறுதியில் மார்வெல் 'நுவார்' என்ற வரிசையைத் தொடங்கியது. 2010-ல் டிசி நிறுவனம் 'ஃபர்ஸ்ட் வேவ்' கொண்டுவந்தது. இவற்றைப் புதுமையான கற்பனை என்று விளம்பரப்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த நாயகர்களை அவர்களுடைய பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள் என்றுதான் சொல்வேன். அந்த வீட்டைத் தெரிந்துகொண்டு எழுதியவர்கள் ஜெயித்தார்கள். வாசலில் கிடந்த தொப்பியையும் கோட்டையும் மட்டும் எடுத்து மாட்டிவிட்டவர்கள் தோற்றார்கள்.

அந்த வீட்டுக்குப் பெயர் பல்ப் இதழ். மரக்கூழிலிருந்து செய்த மட்டமான காகிதம். 7 அங்குல அகலம், 10 அங்குல உயரம். உள்ளே நெருக்கமாக அச்சடித்த நூற்றுச்சொச்சம் பக்கம். அட்டை மட்டும் பளபளவென்று வண்ணத்தில். நம்மூர் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய பாக்கெட் நாவல்களை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஃபிராங்க் மன்ஸி என்ற பதிப்பாளர் 1896-ல் தன் 'ஆர்கஸி' இதழை இந்த வடிவத்துக்கு மாற்றியதிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. டார்சன் 1912-ல் பிறந்தது இப்படிப்பட்ட ஓர் இதழில்தான். 1919-ல் முகமூடியும் வாளுமாக ஜோரோ வந்ததும் இங்கேதான்.

1931-ல் 'தி ஷேடோ' வந்தபோது ஆட்டம் சூடுபிடித்தது. கறுப்பு அங்கி, அகலத் தொப்பி, இரண்டு கைகளிலும் துப்பாக்கி. பகலில் லமான்ட் கிரான்ஸ்டன் என்ற பணக்காரனாக போலீஸ் கமிஷனரோடு பொழுதுபோக்குவான். இரவில் நிழலோடு நிழலாகக் குற்றவாளிகளைத் தேடுவான். எழுதியவர் வால்டர் கிப்சன். அட்டையில் இருந்த பெயர் மேக்ஸ்வெல் கிரான்ட். மொத்தம் வந்த 325 ஷேடோ நாவல்களில் 282 அவர் எழுதியவை. வேகம் கூடிய ஆண்டுகளில் மாதம் 2 நாவல். கிப்சன் ஒரு மேஜிக் கலைஞரும்கூட. ஹூடினிக்காகப் புத்தகம் எழுதிக் கொடுத்தவர். அந்தத் தொழில் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். ஷேடோ மாயமாக மறைவதில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது, பார்ப்பவன் கண் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டு ஒதுங்குகிறான், அவ்வளவுதான்.

வானொலி நாடகங்களின் நாயகன் ஆனபோதுதான் இது மாறியது. வானொலியில் நிழலைக் காட்ட முடியாதே! எனவே 1937-ல் ஆர்சன் வெல்ஸ் குரல் கொடுத்த நாடகங்களில், மனிதர்களின் மனத்தை மயக்கித் தன்னைக் காணாமல் செய்யும் சக்தி ஷேடோவுக்குத் தரப்பட்டது. ஒரு சாகசக்காரன் சூப்பர்ஹீரோவாக நகர்ந்த தருணம் என்று நான் இதைத்தான் சுட்டிக்காட்டுவேன். வேறொரு ஊடகத்தின் நெருக்கடிக்காகக் கிடைத்த சக்தி அது.

பேட்மேனின் முதல் கதைக்கு வருவோம். ரசாயனத் தொழிலில் கூட்டாளிகளாக இருந்த நால்வர். ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். ஒருவனைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்து விஷவாயு திறந்துவிட, முகமூடிக்காரன் உள்ளே பாய்ந்து கண்ணாடியை உடைக்கிறான். இதே கூட்டாளிகள், இதே விஷவாயுக் கூண்டு, 1936 நவம்பரில் வந்த 'பார்ட்னர்ஸ் ஆஃப் பெரில்' என்ற ஷேடோ நாவலில் இருக்கின்றன. எழுதியவர் தியோடர் டின்ஸ்லி. தன் முதல் பேட்மேன் கதை ஒரு ஷேடோ கதையை ஒட்டி எழுதப்பட்டது என்று கதாசிரியர் பில் ஃபிங்கரே ஒளிக்காமல் சொன்னார்.

மற்றவர்களின் ஜாதகமும் இப்படித்தான். 1933-ல் தொடங்கிய 'டாக் சாவேஜ்' நாயகனின் முழுப்பெயர் கிளார்க் சாவேஜ். வடதுருவப் பக்கம் அவனுக்கு ஒரு தனிமைக் கோட்டை உண்டு. சூப்பர்மேனின் பெயர் கிளார்க்; பின்னாளில் அவனுக்கும் அதே பெயரில், அதே திசையில் கோட்டை வந்தது. அதே 1933-ல் வந்த 'தி ஸ்பைடர்' கொன்ற குற்றவாளியின் நெற்றியில் சிவப்புச் சிலந்தி முத்திரை குத்துவான். சிறுவயதில் அவனை விரும்பிப் படித்தது ஸ்பைடர்மேன் என்ற பெயருக்கு ஒரு தூண்டுதல் என்று ஸ்டான் லீ சொல்லியிருக்கிறார்.

1938-ல் வந்த முதல் சூப்பர்மேன்கூடப் பறக்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுவான், அவ்வளவுதான். முதல் இதழில் அவன் எதிர்த்தது வேற்றுக்கிரகப் படையை அல்ல. செய்யாத கொலைக்காக மின்சார நாற்காலிக்குப் போகவிருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்ற நள்ளிரவில் ஆளுநர் வீட்டுக் கதவைப் பெயர்க்கிறான்; மனைவியை பெல்ட்டால் அடிப்பவனைத் தூக்கிச் சுவரில் எறிகிறான்; வாஷிங்டனில் ஒரு செனட்டரோடு பேரம் பேசும் தரகனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இந்தக் கோபக்கார சூப்பர்மேன் எனக்கு மிகவும் பிடித்தவன்.

இனி முக்கியமான விஷயம். பல்ப் நாயகனுக்கும் சூப்பர்ஹீரோவுக்கும் உள்ள வேறுபாடு உடையில் இல்லை, விலையில் இருக்கிறது. பல்ப் நாயகன் ஒவ்வொரு செயலுக்கும் விலை கொடுக்கிறான். களைப்பு, காயம், காசு, சில சமயம் மனசாட்சி. நம் வாசகர்களுக்கு இதை விளக்க இரும்புக்கை மாயாவியே போதும். 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் தொடங்கி, 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தவன். அவன் மறைய வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் மின்சாரம் பாய்ந்தாக வேண்டும். மறைந்தாலும் இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்தக் குறைதான் கதையின் உயிர்நாடி. மூலத் தொடரில் ஒரு கட்டத்தில் அவனுக்கு சூப்பர்ஹீரோ உடையெல்லாம் மாட்டிப் பார்த்தார்கள், பிறகு கழற்றிவிட்டார்கள். சரியான முடிவு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மாற்றி எழுதியவற்றில் முதலிடம் 'ஸ்பைடர்மேன் நுவார்' கதைக்குத்தான். டேவிட் ஹைனும் ஃபாப்ரிஸ் சபோல்ஸ்கியும் எழுத, கார்மைன் டி ஜியான்டொமெனிகோ வரைந்தது. 1933 நியூயார்க். அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம். இங்கே மே அத்தை சும்மா பலகாரம் சுட்டுக் கொடுக்கும் மூதாட்டி அல்ல. தெருவில் நின்று ஏழைகளுக்காக முழங்கும் சோஷலிஸ்ட். அவள் கணவன் பென் முதல் உலகப்போரில் விமானி. அவனுடைய பழைய உடையும் கண்ணாடியும்தான் ஸ்பைடர்மேனாகும் பீட்டரின் வேஷம். பீட்டரின் கையில் துப்பாக்கி இருக்கிறது. மாமாவைக் கொன்றவன் மே அத்தையைத் தாக்க வரும்போது பீட்டர் சுடுகிறான். உயிர் பிழைத்த அத்தை நன்றி சொல்வாள் என்று எதிர்பார்க்கிறோம். அவள் கண்டிக்கிறாள். 1939-ல் அமிலத் தொட்டிப் பக்கத்தில் யாரும் கேட்காத கேள்வியை இந்தக் கிழவி கேட்கிறாள். பழைய வடிவத்துக்குத் திரும்பிப்போனவர்கள், அந்த வடிவத்திடமே கணக்குக் கேட்ட இடம் அது. 2018 அனிமேஷன் படத்தில் நிக்கோலஸ் கேஜ் குரலில் வந்த ஸ்பைடர்மேன் நுவார் எல்லோரையும் சிரிக்க வைத்தான். மூலக்கதையின் பசியையும் கோபத்தையும் படித்துத்தான் அறிய வேண்டும்.

'ஃபர்ஸ்ட் வேவ்' என்னை ஏமாற்றியது. பிரையன் அஸாரெல்லோ திறமையான எழுத்தாளர். ராக்ஸ் மொராலஸ் நன்றாக வரைபவர். யாருக்கும் அதீத சக்தி இல்லாத உலகம் என்ற அடிப்படையும் அருமை. ஆனால் டாக் சாவேஜ், ஸ்பிரிட், பேட்மேன், பிளாக்ஹாக் குழு என்று எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றியதில், யாருக்கும் நின்று மூச்சுவிட இடமில்லை. பேட்மேன் கையில் மறுபடி துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். அது அவனை என்ன செய்கிறது என்று தோண்டவில்லை. டாக் சாவேஜ் கதைகளில் இதைவிடப் பெரிய சுரங்கம் ஒன்று கிடக்கிறது. பிடிபட்ட குற்றவாளிகளை அவன் போலீஸில் ஒப்படைப்பதில்லை. தன் ரகசிய மருத்துவமனைக்கு அனுப்பி, மூளையில் அறுவை சிகிச்சை செய்து, பழைய நினைவுகளை அழித்து 'நல்லவர்களாக' வெளியே விடுவான். எழுதிய லெஸ்டர் டென்ட்டுக்கும் படித்த சிறுவர்களுக்கும் அன்று அது கருணையாகத் தோன்றியது. இன்று படித்தால் முதுகு சில்லிடுகிறது. சூப்பர்மேனை அந்தக் காலத்துக்கு அழைத்துச் செல்பவர்கள் இந்த அறையின் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.

திரும்பக் கொண்டுவரக் கூடாதவையும் உண்டு. பல்ப் உலகத்தில் ஆசியா என்றால் ஒன்று மந்திரம் கற்கும் குகை, இல்லையென்றால் உலகை ஆளத் துடிக்கும் வில்லனின் ஊர். ஷேடோவின் பெரும் எதிரி ஷிவான் கான் செங்கிஸ்கான் வம்சத்தவன். வானொலி ஷேடோ மனத்தை மயக்கும் கலையைக் கற்றது கீழை நாடுகளில். 2005-ல் வந்த பேட்மேன் படத்தில்கூட அவன் பயிற்சிக்கு இமயமலைப் பக்கம்தான் ஏறுகிறான். நான் உயர்த்திப் பிடித்த 'ஸ்பைடர்மேன் நுவார்' கதையிலும் சக்தி வருவது ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வந்த சிலந்திக் கடவுள் சிலையிலிருந்து. ஏழைகளுக்காக அவ்வளவு அக்கறையோடு பேசும் ஒரு கதை, அந்தச் சிலை யாருடையது, அவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு பக்கம்கூடச் செலவிடவில்லை. கீழை நாட்டில் உட்கார்ந்து படிக்கும் எனக்கு இது உறுத்துகிறது.

2010-ல் ஸ்காட் ஸ்னைடர் எழுதி மானுவேல் கார்சியா வரைந்த 'அயர்ன்மேன் நுவார்' வேறொரு காரணத்துக்காக மனத்தில் நிற்கிறது. இங்கே டோனி ஸ்டார்க் புதையல் தேடும் சாகசக்காரன். பழுதான இதயத்தோடு அட்லான்டிஸைத் தேடிப் போகிறான், எதிரில் நாஜிகள். அவனுடைய சாகசங்கள் ஒரு பல்ப் இதழில் தொடராக வருகின்றன. கூடவே அலைந்து எழுதுபவர் பெயர் வர்ஜில் மன்ஸி. அவர் கொல்லப்பட்டதும் அந்த இடத்துக்கு வரும் பெப்பர் பாட்ஸ், ஃபிராங்க் ஃபின்லே என்ற ஆண் பெயரில் எழுதுகிறாள். பல்ப் இதழை உருவாக்கியவர் ஃபிராங்க் மன்ஸி. அவற்றுக்கு மறக்க முடியாத படங்கள் வரைந்தவர் வர்ஜில் ஃபின்லே. இரண்டு பெயர்களையும் குறுக்காக மாற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார் ஸ்னைடர். தெரிந்தவர்களுக்கு அது ஒரு வணக்கம்.

அந்த வணக்கம் தேவைதான். 1949-ல் ஷேடோ, டாக் சாவேஜ் இதழ்கள் ஒருசேர நின்றுபோனபோது, எழுதியவர்கள் பலரின் சொந்தப் பெயர் வாசகர்களுக்குத் தெரியாது. கிப்சன் மேக்ஸ்வெல் கிரான்டாக இருந்தார். லெஸ்டர் டென்ட் கென்னத் ரோப்சனாக. 'தி ஸ்பைடர்' எழுதிய நோர்வெல் பேஜ் கிரான்ட் ஸ்டாக்பிரிட்ஜாக. காமிக்ஸிலும் அதே கதைதான். பேட்மேனுக்கு உருவமும் உள்ளமும் கொடுத்ததில் பெரும்பங்கு வகித்த பில் ஃபிங்கர் 1974-ல் இறந்தார். பேட்மேனை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரைச் சேர்க்க டிசி நிறுவனம் ஒப்புக்கொண்டது 2015-ல். 1973 நவம்பரில் வந்த 'பேட்மேன்' 253-ல் கதாசிரியர் டென்னி ஓ'நீல் ஷேடோவையே நேரில் கொண்டுவந்து நிறுத்தி, தனக்கு முன்மாதிரி நீங்கள்தான் என்று பேட்மேன் வாயாலேயே சொல்ல வைத்தார். நாயகன் நாயகனுக்கு நன்றி சொல்லியாகிவிட்டது. பேட்மேனை மறுபடி அந்த 1930-களுக்கு அழைத்துப்போகும் அடுத்த எழுத்தாளர், முதல் பக்கத்தில் ஃபிங்கர் பெயருக்குப் பக்கத்திலேயே தியோடர் டின்ஸ்லியின் பெயரையும் அச்சிட வேண்டும்.