வாடகை வீடு: வாங்குவதா, கட்டுவதா?

சென்ற அமாவாசைக்கு மைசூரிலிருந்து குடும்பத்துடன் மாதேஸ்வரன் மலைக்குப் போயிருந்தோம். 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரியும் வரை இம்மலையும் மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தது. கொள்ளேகாலம் தாண்டியதும் மைத்துனர் பேச்சைத் தொடங்கினார்.

"அத்தான், பாப்பா படிப்புக்கு வைத்திருக்கும் 20 லட்சத்தைப் போட்டு, மீதி 30 லட்சம் கடன் வாங்கி, அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்குங்கள். வாடகையே கடனை அடைத்துவிடும்."

பேருந்திலேயே கணக்குப் போட்டேன். மாத வாடகை 14,000 என்றால் ஆண்டுக்கு 1,68,000 ரூபாய். நூற்றுக்கு எட்டரை வட்டியில் முதல் ஆண்டு வட்டி மட்டுமே ஏறக்குறைய இரண்டரை லட்சம்! வீட்டு வரி, பராமரிப்பு, ஆளில்லாத மாதங்கள் தனி. வாடகையில் 30 விழுக்காட்டை வருமான வரியில் கழித்தாலும் பள்ளம் நிரம்பாது. விலை ஏறலாம், ஆனால் அடுக்குமாடியில் ஏறுவது நிலம், தேய்வது கட்டடம். நிலத்தில் நம் பங்கோ சிறிது.

மாறாக, சொந்த வீட்டின் மேல் 15 லட்சத்தில் மாடி எழுப்பி 8,500க்கு விட்டால், நூற்றுக்கு ஏழு ரூபாய் போல வரும், கடனும் இல்லை. குடியிருப்பவரும் கண் முன்னே.

"அப்போ பாப்பா படிப்பு?" என்றாள் மனைவி. அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்த்தது.

மலை இறங்கும்போது முடிவு செய்தோம். படிப்பு முதலில், மாடி அப்புறம். அஸ்திவாரம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டு, மாநகராட்சி அனுமதியும் பெற்ற பிறகே செங்கல்.

அன்பர்களே, வாங்குவதானால் வில்லங்கச் சான்றிதழ் பாருங்கள். அதற்கு முன் வட்டிக் கணக்கைப் பாருங்கள்.